சத்து மாத்திரை

ஜூன் 3, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறப்பு. சத்துணவு அமைப்பாளர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அம்சவேணி திறப்பு நாளில் விடுப்பு எடுப்பது இதுதான் முதல் தடவை. சமையல் பார்க்கும் ரங்காத்தாள் காலையில் சாவி வாங்க வந்தாள். அரிசியை எத்தனை தண்ணீரில் களைய வேண்டும், அழுகல் முட்டையை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வாசலில் நின்றபடி சொல்லிக்கொண்டே இருந்தாள் அம்சவேணி. அவ்வளவு நேரம் நின்றதற்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள்.

கோவையில் அடுத்த வாரம் அவளுக்கு அறுவைச் சிகிச்சை. இரைப்பையைச் சுருக்கிவிடுவார்கள். இப்போது எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மூட்டு வலி. டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "ஆபரேஷனை நான் செஞ்சுருவேன். அதுக்கப்புறம் இந்த மத்த நோயையெல்லாம் யாரு பார்த்துக்கறதுங்கறதுதான் விஷயம். வீட்ல யாரு இருக்கீங்க?" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். பால் சங்கத்தில் ஊர்ப் பால் முழுவதற்கும் கொழுப்புப் பார்த்து ஊற்றச் சொல்கிறவன், கட்டினவள் ஒருத்திக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க மாட்டேனா.

மகள் வினோதினிக்கு இதில் இஷ்டமில்லை. ஈரோட்டிலிருந்து போனில், "ஏனுங்கப்பா, அம்மா இருக்கறபடிக்கே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அவளுக்குத் தெரியாது. தை மாதம் அவளுடைய கல்யாணப் பந்தியிலேயே ஒரு ஆள் சொன்னான்: "சத்துணவு டீச்சர் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு என்னங்க மிஞ்சும்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்சவேணியும் கூடச் சிரித்தாள். மறுநாள் முழுக்க அவள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்து முட்டை ஒன்றுகூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

ஜூன் 12, புதன்

அறுவைச் சிகிச்சை முடிந்தது. கண் விழித்ததும், "ரங்காத்தா போன் பண்ணுனாளுங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை பாதி. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு இருந்தது, இப்போது ஒன்று. தைராய்டு மாத்திரை பழையபடி வெறும் வயிற்றில். ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். இவை போக, சத்து மாத்திரை இரண்டு வகை.

உணவு ஆலோசனை சொல்லும் பெண் கிளம்பும்போது மறுபடியும் பிடித்துக்கொண்டாள். "சார், மத்ததெல்லாம் குறைச்சுக்கிட்டே வருவோம். சத்து மாத்திரை மட்டும் ஆயுசுக்கும். வாந்தி வந்து நிக்கலைன்னா உடனே கூப்பிடுங்க." நல்ல பெண்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்தாள். உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். மிகவும் குறைவு. சர்க்கரையும் பார்த்தேன், அதுவும் குறைவு. கோவைக்குப் போன் செய்து இரண்டையும் சொன்னேன். சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் இன்றே நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. "இந்த மாதிரி பார்த்துச் சொல்ற வீட்டுக்காரர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்க" என்றார்.

சாயங்காலம் சங்கத்தில் பால் ஊற்ற வந்தவர்களிடம் சொன்னேன். பத்து வருடச் சர்க்கரை, மாத்திரை இல்லாமலே போய்விட்டது என்று.

ஜூலை 7, ஞாயிறு

சங்கத்தில் தீவன மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. அதில் ஏறிப் பார் என்று முன்பு ஒருமுறை சொன்னதற்கு, "மாட்டுத் தீவனம் ஏத்தற தராசுல என்னைய ஏத்தறீங்களா?" என்று இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. இன்று அவளாகவே, "ஆளில்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். நூற்று நாலு. இறங்க மனமில்லாமல் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் மூட்டை தவுடு எறங்கிருச்சுங்க மாமா."

"இன்னும் ஒரு அரை மூட்டை இருக்குது புள்ள."

நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் நிற்கவில்லை. இரவு ரசம் சாதம் இரண்டு கரண்டி, அதையும் வாந்தி எடுத்துவிட்டாள். வேகமாகச் சாப்பிட்டிருப்பாள்.

ஜூலை 16, செவ்வாய்

முள் நகரவில்லை. போன ஞாயிறும் நூற்று நாலு, இன்றும் அதே. அம்சவேணி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு நாளைக்கு நாலு வாய் சாப்பிடுகிறாள், அதிலும் பாதி வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் எப்படி இறங்காமல் நிற்கும் என்று நானும் யோசித்தேன்.

சத்து மாத்திரைதான். வேறு ஒன்றும் உள்ளே போகவில்லை. சங்கத்தில் மெலிந்துபோன மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுக்கிறோம். ஒரு மாதத்தில் எலும்பு மூடுகிறது, பாலில் கொழுப்பு ஏறுகிறது. என் கையால் சோதித்துப் பார்த்ததுதான், புத்தகத்தில் படித்ததில்லை. மாட்டுக்கு ஏறுவது மனுஷிக்கு ஏறாதா.

அம்சவேணி சம்மதிக்கவில்லை. "டாக்டரம்மா அதைய நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாங்கல்லங்க" என்றாள்.

"நோய் மாத்திரையவா நிறுத்தச் சொல்றேன்? தைராய்டு மாத்திரைய நிறுத்தச் சொன்னனா? இது சத்துக்குப் புள்ள. சத்து ஏறுனா ஒடம்பு ஏறாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றாள்.

எடை தொண்ணூறுக்கு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 22, திங்கள்

நூற்று ஒன்று. நான் சொன்னது சரி.

கோவையிலிருந்து அந்த உணவு ஆலோசனைப் பெண் போன் செய்தாள். பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியாம். கல்யாணமாகி முதல் ஆடி, மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்க வேண்டும், பெருக்கு முடிந்து வருகிறோம் என்றேன். "வாந்தி இருக்கா சார்?" என்றாள். கொஞ்சம் இருக்கிறது என்றேன். "அப்ப சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வினோதினியும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். அம்சவேணி ஐந்து மணிக்கே எழுந்து சமைத்தாள். யார் சொல்லியும் உட்காரவில்லை. தொண்ணூற்று ஏழு கிலோ. எங்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் எடுத்த பட்டுச் சேலைக்கு வினோதினி ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டிக்கொண்டு நின்றபோது மாப்பிள்ளைகூட, "அத்தை, யாருன்னே தெரியலீங்க" என்றார். அம்சவேணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விளக்கு ஏற்றும்போது திரியை விட்டுத் தள்ளித் தீக்குச்சியைக் காட்டினாள். "ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க" என்றாள். சர்க்கரை இறங்கும்போது பார்வை மாறும், பழைய கண்ணாடி ஒத்துக்கொள்ளாது என்று எங்கோ கேட்டிருக்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

அவள் பரிமாறினாள், சாப்பிடவில்லை. வினோதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா ஏனுங்கப்பா செவுத்தைப் புடிச்சுட்டு நடக்கறாங்க?"

"இத்தனை எடை ஒரேயடியாக் கொறஞ்சா நடை பழக வேண்டாமா கண்ணு."

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போகுதுங்களா?"

"போகுது."

ஆகஸ்ட் 9, வெள்ளி

தொண்ணூற்று நாலு. பாதம் மரத்துப்போய் எரிகிறது என்கிறாள். தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். இன்று கஞ்சித் தண்ணீரும் நிற்கவில்லை. சங்கத்தில் தணிக்கை, கோவைக்கு அடுத்த வாரம்தான் போக முடியும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுந்து உட்காரவே தெம்பில்லை. உடுமலைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணுன எடத்துலயே காட்டறது நல்லதுங்க" என்றார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்ததும் கோவைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். தயங்கித்தான் போட்டார். ஊரில் யாருக்குச் சோர்வு வந்தாலும் இதைத்தானே செய்கிறோம்.

அம்சவேணி பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். "பத்து வருசமாச் சக்கரையக் கண்ணுல காட்டாம வெச்சிருந்தீங்க. இப்ப ஊசி வழியா ஏத்தறீங்களா மாமா?" நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்த்தேன். ஏறவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றத்துக்குப் போயே தீர வேண்டும் என்றாள். பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் நானும் மறு பக்கம் ரங்காத்தாளும் பிடித்துக் கூட்டிப்போனோம். டீச்சர்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை கிலோ, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள்.

தலைமையாசிரியை அம்மா வந்து கையைப் பிடித்தபோது அம்சவேணி, "குமாரசாமி சார் இன்னும் வரலீங்களா?" என்று கேட்டாள். குமாரசாமி சார் ஓய்வு பெற்று ஐந்தாறு வருடம் ஆகிறது. கிண்டலுக்குச் சொல்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை மிட்டாய் கொடுத்தாள். கடைசி வரிசைக்குக் கொடுக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே கை நீட்டிக்கொண்டு நின்றன பிள்ளைகள்.

ஆகஸ்ட் 17, சனி

இன்னும் இரண்டு பாட்டில். டாக்டர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்டுப் போடச் சொன்னேன். திங்களன்று கோவை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் எழுப்பினேன். கண்மணி இரண்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. "வினோ பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளுங்களா?" என்றாள்.

அவளுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே என்றேன்.

"எனக்குத் தெரியாமயா பண்ணுனீங்க?"

உடுமலையில் பக்கவாதம் என்று சந்தேகப்பட்டுத் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸில் கோவை.

ஆகஸ்ட் 19, திங்கள்

டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்த உடனேயே ஏதோ ஊசியை ஏற்றச் சொன்னார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"வாந்தி எவ்வளவு நாளா?"

ஜூலையிலிருந்து என்றேன்.

"சத்து மாத்திரை குடுத்தீங்களா?"

நேரத்துக்குக் கொடுத்தேன் என்றேன்.

அவர் உட்கார்ந்து விளக்கினார். பி ஒன் என்று ஒரு சத்து. உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது, சில வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால், அந்தச் சர்க்கரையை எரிக்க மிச்சம் மீதியும் செலவாகிவிடும். மூளை பட்டினி கிடக்கும். முதலில் கண், அப்புறம் நடை, அப்புறம் ஞாபகம்.

"குளுக்கோஸ் போடச் சொன்னது யாரு?"

உடுமலை டாக்டர் என்றேன்.

"நீங்க மாத்திரை குடுத்திருந்தாலும் வாந்தியில போயிருக்கும்" என்றார். அவராகவேதான் சொன்னார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கண் ஆட்டம் நின்றுவிட்டது. என்னைத் தெரிகிறது. வினோதினியைத் தெரிகிறது, கழுத்தில் தாலியைப் பார்த்துத்தான் திகைக்கிறாள். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்கிறாள். சொன்னால் சரி என்கிறாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடி கேட்கிறாள்.

மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். அலமாரியில் சத்து மாத்திரை டப்பாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சங்கத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். யாரும் பிடிக்காமல் நடக்கிறாள். தினமும் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு, "நேரமாச்சு, சாவி எங்கீங்க?" என்று வாசலுக்கு வருகிறாள். இன்று லீவு என்று சொல்லி உட்கார வைக்கிறேன்.

இன்று ரங்காத்தாள் வந்தாள். அம்சவேணி அவளிடம், "நேத்து ஆபீசர் வந்தாரல்ல, முட்டைய ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பாத்தாரு. ஒண்ணுகூடக் கொறையில. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள்.

ரங்காத்தாள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க டீச்சர், நல்லா வேணும் அவருக்கு" என்றாள். வெளியே போய் வண்டிப் பாதைவரை முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.

டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார். அவங்க பொய் சொல்லலை, ஞாபகம் இல்லாத இடத்துல மனசு தானா எதையாவது வெச்சு நிரப்பிக்கும், நீங்க சண்டை போடாதீங்க என்று.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. வினோதினி முழுகாமல் இருக்கிறாள். அம்மாவிடம் காலையில் சொன்னாள். அம்சவேணி கட்டிப்பிடித்து அழுதாள். மத்தியானம் மறந்துவிட்டாள். வினோதினி மறுபடி சொன்னாள், அதே மாதிரி கட்டிப்பிடித்து அழுதாள். சாயங்காலமும் சொன்னாள். வினோதினிக்கு இதில் சலிப்பே இல்லை. எனக்குத்தான் அங்கே இருக்க முடியவில்லை. சங்கத்துக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

கோவையில் பரிசோதனை. எண்பத்து மூன்று கிலோ. சர்க்கரைக்கு மாத்திரையே தேவையில்லை. ரத்த அழுத்தம் சரி. தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். தூங்கும்போது மூச்சுக்கு மாட்டும் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூட்டு வலி இல்லை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில் காகிதத்தை மடித்துவைத்தார்.

ஞாபகம் திரும்புமா என்று கேட்டேன்.

"மூணு மாசத்துல வந்திருக்க வேண்டியது வந்திருக்கும். இனி வர்றது ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும்" என்றார்.

அம்சவேணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "யாருக்குங்க மாமா ஒடம்பு சரியில்லை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்ட்ல ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல அந்தச் சத்து துளிகூட இல்லை. நீங்க ஒழுங்கா குடுத்தேன்னு சொன்னீங்க. அப்படின்னா மாத்திரை உள்ள போயும் பிடிக்கலைன்னு ஆகுது. இனிமே வர்றவங்களுக்கு மாத்திரைக்குப் பதிலா ஊசி போடலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். அதனாலதான். நடுவுல எப்பவாவது நின்னுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சவேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அவரைக் கேக்காதீங்க டாக்டர். அவரு நேரந்தவறாமக் குடுத்தாருங்க. நாந்தானுங்க, முழுங்கற மாதிரி நாக்குக்கு அடில வெச்சுக்குவேன். அவரு அந்தப்பக்கம் போனதும் கொல்லப்பக்கம் போயித் துப்பிப் போடுவேன். ஒடம்பு போட்டுருமுன்னு பயமுங்க. அங்க செவ்வந்திச் செடி ஒண்ணு இருக்குது, அதுக்கு அடிலதான் துப்புவேன். அந்தச் செடிகூட நல்லாத் தளதளன்னு வந்துச்சு."

எங்கள் வீட்டில் செவ்வந்திச் செடி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

டாக்டரம்மா அவளையும் என்னையும் பார்த்தார். "இப்படி நடந்திருக்குமா சார்?" என்றார்.

இருக்கலாம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அம்சவேணி என் கையைப் பிடித்தாள். அவள் கை இப்போது மிகவும் சிறியதாகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க மாமா. உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன்."

"பரவால்ல புள்ள" என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. காலைப் பால் வரத்து குறைவு.

துவைக்கப் போடும்போது என் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். "யாருங்க மாமா கோயமுத்தூர் போனது?" என்றாள்.

நான் மட்டும் போய்வந்ததாகச் சொன்னேன்.